விட்டுவைத்தவர்கள்

பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் தெருவிலிருந்து, மே மாதம் பிறந்தால், யாராவது ஒருவர் இமயமலைக்குக் கிளம்பிவிடுகிறார். பெரும்பாலும் வேலையில் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆன பிள்ளைகள். டெல்லி வரை விமானம், காத்கோதாம் வரை ரயில், அப்புறம் பகல் முழுக்க வளைந்து வளைந்து ஏறும் ஜீப். கன்னம் கருத்து, உதடு வெடித்துத் திரும்பி வருவார்கள். கைப்பேசியில் படம் காட்டுவார்கள்: வெள்ளை மலை, நீல வானம், கீழே பச்சைப் புல்வெளி, நடுவில் கைகளை விரித்து நிற்கும் அவர்களே. அதைக் காட்டும்போது அவர்கள் முகத்தில் வரும் மலர்ச்சி உண்மையானது. ஹொரமாவு வரை போய் வருவதற்குள் பாதி நாள் கரைந்துபோகிற ஊரில் வாழும் பிள்ளைகளுக்கு அந்த மலர்ச்சி வேண்டும். போக வேண்டாம் என்று நான் யாரையும் தடுத்ததில்லை. போய் வா என்றுதான் சொல்கிறேன்.

ஆனால் அந்தப் படங்களைப் பார்த்தால் எல்லாம் தானாகவே இருப்பதாகத் தோன்றும். மலை தானாக நிற்கிறது, புல் தானாக முளைக்கிறது, காடு தானாக அடர்ந்திருக்கிறது, பாதை தானாக மேலே ஏறுகிறது. பார்க்க வந்தவரைத் தவிர அங்கே மனிதர் எவருக்கும் பங்கில்லை. இந்த எண்ணத்தோடுதான் நானும் முன்சியாரிக்குப் போனேன்.

உத்தராகண்டின் பித்தோராகட் மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது முன்சியாரி. அல்மோரா, தல் வழியாக வந்து, பாறையின் உச்சியிலிருந்து ஒரே வீச்சில் விழும் பிர்த்தி அருவியைக் கடந்தால் சாலை செங்குத்தாக ஏறும். கலாமுனிக் கணவாயில் மணிகள் தொங்கும் காளி கோயிலருகே ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்திக் கும்பிடுவார்கள். அந்த இடத்தைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும் எதிரே பஞ்சசூலி. சுவர்க்கத்துக்குப் புறப்பட்ட பாண்டவர்கள் கடைசியாகச் சமைத்துச் சாப்பிட்ட ஐந்து அடுப்புகள் அவை என்று ஊரார் சொல்கிறார்கள். ஊருக்கும் சிகரங்களுக்கும் நடுவே கோரி கங்கை அறுத்த ஆழமான பள்ளம். பொழுது சாயும்போது உயரம் குறைந்த சிகரங்கள் முதலில் சாம்பல் பூக்கும். பள்ளத்தின் இருட்டு மேலேறிக்கொண்டே வரும். 6,904 மீட்டர் உயரமுள்ள இரண்டாவது சிகரம் மட்டும் எல்லாவற்றுக்கும் கடைசியில் செம்பு நிறத்தில் நின்றுகொண்டிருக்கும். உலகம் முழுவதையும் ஒரு தட்டில் வைத்து முன்சியாரியை மறு தட்டில் வைக்கும் பழமொழி ஒன்று அந்த மக்களிடம் உண்டு. அங்கே ஒரு மாலை நின்றவர் அதை மிகை என்று சொல்ல மாட்டார்.

நடப்பதற்கும் அங்கே குறைவில்லை. ஊரை அடுத்த சர்மோலி கிராமத்திலிருந்து காட்டுக்குள் சற்று ஏறினால் மேசர் குண்டம் என்ற சிறு குளம். ஓக் மரங்களுக்கும், வசந்தத்தில் இரத்தச் சிவப்பாகப் பூக்கும் புராஞ்ச் மரங்களுக்கும் இடையே கலியா டாப்புக்கு ஏறினால், 3,500 மீட்டர் உயரத்தில் மரங்கள் நின்றுபோய் மலைமேல் புல்வெளி விரிகிறது. இத்தகைய புல்வெளியை அங்கே புக்யால் என்கிறார்கள். நாள்கணக்கில் நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு மிலம் பாதை. கோரி கங்கையின் கரையோடு லீலம், புக்டியார், ரில்கோட் என்று ஏறி, பள்ளத்தாக்கு அகலும் இடத்தில் மர்தோலி, பிறகு பர்ஃபு, கடைசியில் பனியாற்றின் வாயருகே மிலம். மர்தோலியில் நந்தா தேவிக்குக் கோயில் உண்டு. அங்கிருந்து பார்த்தால் நந்தா தேவி கிழக்குச் சிகரம், 7,434 மீட்டர், கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டிய அளவுக்கு அருகில் எழுகிறது. 1939 இல் போலந்துக்காரர்கள் முதன்முதலாக அதன் மேல் ஏறியது இந்தப் பக்கமாகத்தான்.

மலையைப் பார்ப்பதில் நம் ஊருக்கு ஒரு பழைய பங்கு உண்டு என்பதை அங்கே நிற்கும்போது நினைத்துக்கொண்டேன். திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800 இல், வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி பெங்களூரில் ஒரு நேர்கோட்டை எஃகுச் சங்கிலி போட்டு அளந்து ஒத்திகை பார்த்தார். 1802 ஏப்ரல் 10 அன்று சென்னையில், பரங்கிமலையை ஒட்டி, அதே வேலையை முறையாகத் தொடங்கினார். ஏழரை மைல் கோட்டை அளந்து முடிக்க 57 நாட்கள் ஆயின. கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தூரத்துக் குன்று ஒன்றைக் கோணம் பிடித்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அதன் பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம். இப்படிக் கோத்துக்கொண்டே வடக்கே போனார்கள். அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை 1808 இல் தஞ்சைப் பெரிய கோயில்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்தது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தட்டி நிமிர்த்தினார். 1823 இல் வேலை முடியாமலே இறந்தார். ஜார்ஜ் எவரெஸ்ட் முக்கோணத் தொடரை டேராடூன் வரை கொண்டுபோனார். 1852 இல் ராதாநாத் சிக்தரின் கணக்கில் பதினைந்தாம் சிகரம், இன்றைய எவரெஸ்ட், மற்ற எல்லாவற்றையும்விட உயர்ந்து நின்றது. 1856 இல் 29,002 அடி என்று அறிவித்தார்கள். நேபாளத்துக்குள் கால்வைக்க அனுமதி இல்லாமல், நூறு மைலுக்கும் அப்பால் சமவெளியில் நின்று, கண்ணால் மட்டுமே எடுத்த அளவு அது. 2020 இல் அறிவித்த 8,848.86 மீட்டருக்கு ஒன்பது மீட்டர்தான் குறைவு. 1868 இல், தொடரின் துல்லியத்துக்காகப் பெங்களூரில் மறுபடி ஒரு கோடு அளந்தார்கள். ஒரு முனை இன்றைய மேக்ரி சர்க்கிள் அருகே. மறுமுனை எங்கள் பகுதியிலிருந்து வடக்கே ஹென்னூரைத் தாண்டினால் வரும் கண்ணூரில்.

எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்புக் குறையாத சாதனை இது. என்றாலும் அதற்கு ஒரு விலை இருந்தது. ஒரு முனையிலிருந்து பார்த்தால் மறுமுனை தெரிய வேண்டும். தெரியாத இடத்தில், குறுக்கே நிற்பதை அகற்ற வேண்டும். கங்கைச் சமவெளியில் எவரெஸ்ட் கோபுரங்கள் கட்டினார், மரங்களை வெட்டினார், பார்வைக்குக் குறுக்கே வந்த வீடுகளை இடிக்க வைத்தார். நிலவரைபடத்தில் இது எங்கும் தெரியாது. பார்ப்பதற்காக வழியில் உள்ளதை அகற்றும் அந்தப் பழக்கம் அளவையாளர்களோடு முடிந்துவிடவும் இல்லை. மலையூர்களில் இன்று எழும் ஒவ்வொரு விடுதியும் ஜன்னலைத் திறந்தால் சிகரம் தெரிய வேண்டும் என்று மலைமுகட்டை வெட்டித்தான் எழுகிறது. அடுத்த ஆண்டு அதன் முன்னால் இன்னொன்று எழுந்து அந்த ஜன்னலை மறைக்கிறது. முசூரியில் நடந்தது, நைனிதாலில் நடந்தது, நம் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நடந்தது. முன்சியாரியிலும் தொடங்கிவிட்டது.

கண்ணால் எட்டாத இடத்தை அளக்க அதே அளவைத் துறைக்குக் கால்கள் தேவைப்பட்டபோது, ஆள் கிடைத்தது மிலத்தில்தான். நைன் சிங் ராவத், 1830 இல் அங்கே பிறந்தவர், பள்ளி ஆசிரியர். 1863 இல் கேப்டன் மாண்ட்காமரி அவரையும் அவர் உறவினர் மானி சிங்கையும் தேர்ந்தெடுத்தார். டேராடூனில் அவர்களுக்கு ஒரே அளவாக அடியெடுத்து வைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஏற்றமானாலும் இறக்கமானாலும் ஓர் அடிக்கு முப்பத்தொன்றரை அங்குலம், இரண்டாயிரம் அடிக்கு ஒரு மைல். கையில் ஜபமாலை, ஆனால் அதில் 108 மணிக்குப் பதில் 100 மணி. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளினால், மாலை ஒரு சுற்று முடியும்போது பத்தாயிரம் அடி, ஐந்து மைல். பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரத்துக்குப் பதில் குறிப்புச் சீட்டு. யாத்ரிகர் வேடத்தில் 1866 ஜனவரியில் லாசாவை அடைந்து, கொதிக்கும் நீரின் வெப்பத்தை அளந்து நகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டு, மானசரோவர் வழியாகத் திரும்பினார். 1877 இல் லண்டனின் அரச புவியியல் கழகம் அவருக்குத் தங்கப்பதக்கம் கொடுத்தது. இந்திய அஞ்சல் துறை அவர் படத்தோடு தபால்தலை வெளியிட 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்னும் பெரிய மரியாதைக்கு உரியவர் அவர்.

ஆனாலும் நைன் சிங் தனியாளாகப் பிறந்த அதிசயம் இல்லை. மிலம் இருக்கும் ஜோஹார் பள்ளத்தாக்கின் ஷௌகா மக்கள் அனைவருமே நடந்து பிழைத்தவர்கள். கோடையில் ஆட்டு மந்தைகளின் முதுகில் தானியமும் வெல்லமும் துணியும் ஏற்றிக்கொண்டு, 5,000 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஊண்டா துரா முதலிய கணவாய்களைத் தாண்டித் திபெத்துக்குப் போவார்கள். திரும்பும்போது அதே ஆடுகளின் முதுகில் உப்பு, வெண்காரம், கம்பளி. பனிக்காலத்தில் கீழே இறங்கி, கோரி கங்கை காளி ஆற்றோடு கலக்கும் ஜௌல்ஜிபியில் சந்தை. இன்று நம் பிள்ளைகள் ‘ட்ரெக்’ என்று நடக்கும் மிலம் பாதை தலைமுறை தலைமுறையாக உப்பு வந்த சாலை. ஆடுகளின் குளம்பும், கைக்குழந்தையோடு நடந்த பெண்களின் காலும் பட்டுத்தான் அந்தச் சரிவுகளில் அது நிலைத்தது. 1962 போருக்குப் பிறகு எல்லை மூடியது. வணிகம் ஒரே ஆண்டில் நின்றுபோனது. ஏறத்தாழ ஐந்நூறு வீடுகள் இருந்த மிலம் காலியானது. சில குடும்பங்கள் இன்றும் கோடையில் மேலே போய் உருளைக்கிழங்கும் மூலிகையும் பயிரிட்டுவிட்டு, பனி விழுமுன் இறங்குகின்றன. மற்ற வீடுகளில் கூரை இல்லை. வேலைப்பாடு செய்த மரச்சட்டங்கள் மட்டும் சில வாசல்களில் நிற்கின்றன. படம் எடுக்க வருபவர்களுக்கு அந்த இடிபாடு மிகவும் பிடிக்கிறது. எனக்கு அங்கே கேமராவை எடுக்க மனம் வரவில்லை. அது ஒரு சமூகத்தின் பிழைப்பு அறுந்த இடம்.

சர்மோலியில் நான் தங்கியது ஒரு வீட்டில். அங்கே விடுதி வைத்துச் சுற்றுலா நடத்துவதில்லை. 2004 முதல் பெண்களே தங்கள் வீடுகளில் ஓர் அறையை ஒழித்துக்கொடுத்து விருந்தாளிகளை வைத்துக்கொள்கிறார்கள். அந்த முயற்சிக்குப் பின்னால் மாட்டி என்ற பெண்கள் சங்கமும், அந்த ஊர் வன பஞ்சாயத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மல்லிகா விர்தியும் இருந்தார்கள். 2023 இல் ஒன்றியச் சுற்றுலா அமைச்சகம் சர்மோலியை நாட்டின் சிறந்த சுற்றுலா கிராமமாக அறிவித்தது. சாப்பாட்டுக்கு அந்த மண்ணின் ராஜ்மா, கோதுமை ரொட்டி, நெய். சமையலறையின் அடுப்போரம் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், அவ்வளவு குளிர்.

ஒருநாள் காலை, வீட்டுக்கு மேலே இருக்கும் காட்டில் முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்து கிடப்பதைப் பார்த்தேன். வீட்டில் மாடு இருக்கிறது. அந்த வீட்டுப் பெண்மணியோ, நான் ‘தீதி’ (அக்கா) என்று அழைப்பவர், கூடையைத் தூக்கிக்கொண்டு தொலைவில் இருக்கும் தன் வயல் வரப்புக்குப் புல்லறுக்கப் போகிறார். “இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே தீதி, இங்கேயே அறுக்கலாமே?” என்று கேட்டேன்.

“காடு இன்னும் திறக்கவில்லை, பையா” என்றார்.

கதவும் இல்லை, வேலியும் இல்லை. எதிரே காடு விரியக் கிடந்தது. மேலும் கேட்டதற்கு விளக்கினார். திறக்கும் நாளைப் பஞ்சாயத்து கூடி முடிவு செய்யும். விதை முற்றி உதிர வேண்டும். பிறகு வீட்டுக்கு ஒருவராக எல்லோரும் சேர்ந்து போவார்கள். இத்தனை நாள், இத்தனை கட்டு என்று கணக்கு. அதற்கு முன் அரிவாளோடு யாரும் உள்ளே போவதில்லை. போனால் அபராதம் உண்டு. ஆனால் அவர் அபராதத்துக்குப் பயந்து போகாமல் இருப்பவராகத் தெரியவில்லை. திறக்காத காட்டுக்குள் போவது அவருக்குத் தோன்றவே இல்லை.

அதற்கு முந்திய மாலைகளில் நான் வாய் பிளந்து பார்த்த காட்சியை அப்போதுதான் புதிதாகப் பார்த்தேன். பஞ்சசூலியின் கீழே கரும்பச்சையாக இறங்கும் அந்த ஓக் காடு, அதன் நடுவே பளபளக்கும் குளம், மேலே புக்யால். பனிச் சிகரத்தை யாரும் செய்யவில்லை, சரி. ஆனால் அதன் கீழே இருக்கும் ஒவ்வொரு பச்சையும் யாரோ ஒருவர் அரிவாளைக் கீழே வைத்ததால் இருப்பது. வெட்டியிருக்கலாம், வெட்டவில்லை. மேய்த்திருக்கலாம், அந்த மாதம் மேய்க்கவில்லை. பக்கத்தில் இருந்தும், தேவை இருந்தும், கையை இழுத்துக்கொண்டார்கள். காட்சி என்று நாம் பயணச்சீட்டு எடுத்துப் போய்ப் பார்ப்பதில் பெரும்பகுதி பிறர் எடுக்காமல் விட்டது.

காடு திறக்கும் நாளைத் தாங்களே குறிக்கும் உரிமை அவர்களுக்குச் சும்மா கிடைக்கவில்லை. அந்தப் பகுதியான குமாவுனின் காடுகளை ஆங்கில அரசு தன் உடைமையாக்கிக் கிராமத்தாரை வெளியே நிறுத்தியபோது, 1921 இல் மக்கள் காடுகளுக்கே தீ வைத்துப் போராடினார்கள். தங்களுடையது இல்லை என்று ஆக்கப்பட்ட காட்டை அவர்கள் காக்கவில்லை. எரித்தார்கள். அரசு இறங்கி வந்து குழு அமைத்தது. 1931 இல் வன பஞ்சாயத்து விதிகள் வந்தன. இன்று உத்தராகண்டில் இத்தகைய பஞ்சாயத்துகள் 12,000 அளவில் இருக்கின்றன. எல்லாமே சர்மோலியைப் போல உயிரோடு இருக்கின்றன என்று சொல்ல முடியாது. பல ஊர்களில் பெயருக்குத்தான். ஆனால் அந்த வரலாற்றில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. எடுக்க உரிமை உள்ளவரால்தான் எடுக்காமல் இருக்க முடியும். உரிமையைப் பிடுங்கிவிட்டு அடக்கத்தை எதிர்பார்த்தால் தீதான் வரும்.

அந்த மலைகளில் பிரம்மகமலம் என்ற வெள்ளைப் பூ பூக்கிறது. நந்தா தேவியின் பண்டிகையான நந்தாஷ்டமிக்கு முன் அதைப் பறிக்க மாட்டார்கள். பண்டிகைக்காக இளைஞர்கள் வெறுங்காலோடு மேலே போய்க் கொண்டுவந்து தேவிக்குச் சாத்துவார்கள். அதற்குள் பூவின் விதை முற்றியிருக்கும் என்பது தாவரவியல் தெரிந்தவர்கள் சொல்லும் காரணம். ஊராருக்கு அந்தக் காரணம் தேவைப்படவில்லை. தேவியின் பூ, தேவியின் நாள். நம்பிக்கையாக வந்தாலும் விதியாக வந்தாலும் அங்கே நடப்பது ஒன்றுதான். நமக்கும் பூவுக்கும் நடுவே ஒரு நாள் குறித்து நிற்கிறது, அதுவரை கை நீளாது.

வெளியிலிருந்து போகும் நமக்கு அப்படி ஒரு நாள் குறிப்பு இல்லை. ஆகவே நீதிமன்றம் குறிக்க வேண்டியதாயிற்று. 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் புக்யால்களில் இரவு தங்குவதைத் தடை செய்தது. சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை 200க்குள் நிறுத்தச் சொன்னது. கூடாரம் அடித்த இடத்தில் புல் மஞ்சளாகிச் செத்துக்கிடந்தது, அதன்மேல் பிளாஸ்டிக். தடையால் சுமை தூக்கிப் பிழைத்த உள்ளூர் இளைஞர்களுக்கு அடி விழுந்தது உண்மை; அதை நான் சிறிதாக நினைக்கவில்லை. இருந்தும் தீர்ப்பு சரியானது என்றே கருதுகிறேன். புக்யாலின் புல் ஆண்டில் சில மாதமே வளர்கிறது; ஒருமுறை கிழிந்த தரையை மழை அரித்துக்கொண்டே போகும். ஆனால் நீதிமன்றம் தடுத்துத்தான் நாம் நிற்க வேண்டும் என்ற நிலை வந்ததே, அது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. சர்மோலித் தீதியைத் தடுக்க எந்த நீதிபதியும் தேவைப்படவில்லை.

நிற்பதும் மலையேற்றத்தின் ஒரு பகுதி என்று தெரிந்தவர்கள் ஏறுபவர்களிலும் உண்டு. 1955 மே மாதம் ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும் உலகின் மூன்றாவது உயரமான காஞ்சன்ஜங்காவில் முதன்முதலாக ஏறினார்கள். அது சிக்கிம் மக்களின் தெய்வம். உச்சியை மிதிக்க மாட்டோம் என்று சிக்கிம் அரசருக்குக் கொடுத்த வாக்குக்காக, சில அடி கீழேயே நின்று திரும்பினார்கள். அவர்களுக்குப் பின் ஏறிய பலரும் அந்த வாக்கை மதித்து நின்றார்கள். நந்தா தேவியைச் சுற்றியுள்ள உள்வட்டத்தை அரசு 1983 இல் மூடியது; அந்தத் தேசியப் பூங்கா பின்னர் உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆனது. கைலாயத்தின் உச்சியில் இதுவரை ஒருவர் காலும் பட்டதில்லை.

நம் தமிழ் மனத்துக்கு இது புதிய செய்தியே அல்ல. சேக்கிழார் சொல்லும் கதையில் காரைக்கால் அம்மையார் கைலாயத்துக்குப் போகிறார். அந்த மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து ஏறுகிறார். சிறுவயதில் இதைக் கேட்டபோது உடலை வருத்தும் பக்தி என்று மட்டுமே எனக்குப் புரிந்தது. இப்போது அந்த அச்சத்தை வேறுவிதமாகப் பார்க்கிறேன். மலையை அடைய வேண்டும் என்ற ஆசை அவருக்கு யாரையும்விடக் குறைவில்லை. அடைந்ததும் அது தன் காலடியில் கிடக்கக் கூடாது என்ற கூச்சமும் அதே அளவு. ஆசையும் கூச்சமும் ஒன்றையொன்று குறைக்காமல் சேர்ந்திருப்பது சாத்தியம் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. அப்பர் கதை இன்னும் நுட்பம். கால் தேய்ந்து, ஊர்ந்து, புரண்டு போகிறவரைத் திரும்பிப் போகச் சொல்கிறது இறைவனின் குரல். குளத்தில் மூழ்கித் திருவையாற்றில் எழுகிறார். தேடிய கைலாயக் காட்சி காவிரிக்கரையில் கிடைக்கிறது.

மலை தொலைவில் இருப்பதால் தெரியவில்லை என்று நாம் நினைக்கிறோம். 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, பஞ்சாபின் ஜலந்தர் நகரத்து மக்கள் மொட்டை மாடியில் ஏறியபோது வடகிழக்கே தௌலாதார் மலைத்தொடர் பனியோடு தெரிந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞர்கள் பலர் அன்றுதான் அதை முதன்முதலாகப் பார்த்தார்கள். பெரியவர்களுக்குப் பல பத்தாண்டுகளுக்கு முந்திய ஞாபகம் திரும்பியது. உத்தரப் பிரதேசத்துச் சகாரன்பூரிலிருந்தும் பனிமலைகள் தெரிந்தன. மலை ஒரு அங்குலமும் நகரவில்லை. வண்டிகள் நின்றன, ஆலைகள் நின்றன, அவ்வளவுதான். சில மாதங்களில் புகை திரும்பியது, மலை மறைந்தது. நோயின் பயத்தில் கட்டாயமாக நின்றோமே தவிர, நாமாக நிற்கவில்லை.

மாடியிலிருந்து வடக்கே நந்தி மலை தெரிந்த நாட்களைச் சொல்லும் பெரியவர்கள் காக்ஸ் டவுனிலும் இருக்கிறார்கள். நந்தி ஒன்றும் இமயம் இல்லை, 1,478 மீட்டர்தான். ஆனால் அது நம் மலை. இந்த நகரம் எதையும் விட்டுவைப்பதில் கெட்டிக்கார நகரம் அல்ல. தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையமானது, சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமானது. எங்களுக்கு எஞ்சியிருப்பது அல்சூர் ஏரி. அதிலும் 2016 மார்ச்சில் மீன்கள் செத்து மிதந்ததை எங்கள் பகுதியில் யாரும் மறக்கவில்லை. அது இன்னும் ஏரியாக இருப்பதே பெரிது. காலையில் அதன் கரையில் நடப்பவர்கள் தண்ணீரைப் பார்க்கிறார்கள், நாரையைப் பார்க்கிறார்கள். நிரப்பிக் கட்டடம் எழுப்பாமல் விட்டதைத்தான் பார்க்கிறோம் என்று எத்தனை பேருக்குத் தோன்றும்? கண்ணூரில் 1868 கோட்டின் முனையைக் காட்டி நின்ற கல் கட்டடமும் 2024 இல் இடிந்து விழுந்தது. இமயம் வரை நீண்ட கணக்கின் ஒரு முனையைக்கூட நம்மால் பத்திரமாக விட்டுவைக்க முடியவில்லை.

இதையெல்லாம் மலையில் இருப்பவர்களுக்கு உபதேசமாகச் சொல்லும் தகுதி நமக்கு இல்லை. முன்சியாரியிலிருந்து மிலம் வரை எல்லைச் சாலை அமைப்பு பல ஆண்டுகளாகப் பாறையை உடைத்துச் சாலை போட்டுக்கொண்டிருக்கிறது. நடைப்பயணிகள் பலருக்கு இது வருத்தம்: அழகான பாதை போய்விடுமே என்று. சர்மோலியில் தீதியிடம் இந்த வருத்தத்தைச் சொன்னபோது அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். “மேலே பிரசவ வலி வந்தால் தோளில் தூக்கிக்கொண்டுதான் ஓடுவோம். எத்தனை பேர் வழியில் போனார்கள் தெரியுமா, பையா?” என்றார். அதன் பிறகு என்னால் அந்த வருத்தத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை. எங்கள் தெருவில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது. அவர்கள் மட்டும் நம் கண்ணுக்காகப் பாதையைப் பாதையாகவே வைத்திருக்க வேண்டும் என்று கேட்பது அநியாயம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இழந்தே பழகிய சமூகம் அது. இனி விட்டுக்கொடுக்க வேண்டிய முறை நம்முடையது.

சாலை வரட்டும். வந்தபின் பர்ஃபுவிலும் மர்தோலியிலும் யார் நிலத்தில் யார் கட்டலாம், எத்தனை பேர் தங்கலாம் என்பதைச் சர்மோலியில் காடு திறக்கும் நாளைக் குறிப்பதுபோல அந்த ஊர்க்காரர்களே கூடிக் குறிக்க அரசு அதிகாரம் கொடுக்க வேண்டும். அவர்கள் குறிக்கும் எண்ணிக்கைக்குள் நம் பெயர் வராத ஆண்டில் நாம் நந்தி மலையோடு நிற்கலாம். வரும் ஆண்டில், பெங்களூரிலிருந்து போகிறவர்களின் வண்டி லீலத்தோடு நிற்கட்டும். நமக்குக் கால் இருக்கிறது, மேலே நடக்கலாம். அதற்கு அப்பால் ஏறும் வண்டிகளில் மிலத்துக்காரர்களும், அவர்களுடைய உருளைக்கிழங்கு மூட்டைகளும், பிரசவத்துக்கு இறங்கும் பெண்களும் போகட்டும்.